சும்மா இருக்கும்போது நடுங்கும் கை, வலை ஊசியைப் பிடித்ததும் அடங்குவது ஏன்?

காசிமேட்டில் வலை பின்னும் அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்கிறார்கள், ஆனால் வேலை செய்யும்போது நடுக்கம் குறைகிறதே, இது அந்த நோய்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதன் முக்கிய அடையாளமே அதுதான். மடியில் சும்மா கிடக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல ஆடும். ஊசியை எடுத்ததும் பெரும்பாலும் தணியும்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு சிறு கரும்பகுதி உண்டு. அதன் செல்கள் தரும் டோபமின் என்ற வேதிப்பொருள்தான் அசைவுகளைச் சீராக வைக்கிறது. அறிகுறி வெளியே தெரிவதற்குள் அவற்றில் பெரும்பங்கு அழிந்திருக்கும்.

1957-ல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன், நம்மூர் சர்ப்பகந்தி மூலிகையில் உள்ள, மூளையின் டோபமினைக் குறைக்கும் ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அசையாமல் கிடந்தன. டோபமினுக்கு மூலப்பொருளான எல்-டோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்து நடமாடின! 2000-ல் அவருக்கு நோபல் பரிசு. டோபமினையே கொடுத்தால் என்ன? அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. எல்-டோபா நுழைந்து, உள்ளே டோபமினாக மாறும். இன்று தரும் லெவோடோபா மாத்திரை அதேதான்.

அப்புறம், மீன், முட்டை போன்ற புரதம் அந்த மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கலாம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது. வலை பின்ன அப்பாவுக்கு விருப்பம் இருக்கும்வரை பின்னட்டும், தடுக்காதீர்கள்.