கிருபை முந்தியது, கட்டளை பிந்தியது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிருபையினால் இரட்சிக்கப்பட்டோம் என்றால், பத்துக் கட்டளைகள் இனி நமக்கு எதற்கு, ஐயா?

பதில்: அந்தக் கட்டளைகள் கொடுக்கப்பட்ட இடத்தையே திறந்து பாருங்கள், சகோதரரே. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் தேவன் பேசத் தொடங்கும்போது முதலில் வருவது கட்டளை அல்ல. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்ற அறிவிப்புத்தான். பஸ்கா இரவு 12ஆம் அதிகாரத்திலும், செங்கடலைக் கடந்தது 14ஆம் அதிகாரத்திலும் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகே இஸ்ரவேலர் சீனாய் மலையடிவாரத்தில் நிற்கிறார்கள். இவற்றைக் கைக்கொண்டால் உங்களை விடுவிப்பேன் என்று தேவன் எகிப்திலே பேரம் பேசவில்லை. விடுதலை பெற்ற ஜனம் எப்படி வாழ வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்டதே நியாயப்பிரமாணம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதைத்தான் நான் சட்டவாதம் என்பேன்.

1563இல் வெளியான, சீர்திருத்த சபைகளின் போதனை நூலாகிய ஹைடல்பெர்க் வினாவிடை இதே வரிசையைப் பின்பற்றுகிறது: மனிதனின் துயரநிலை, அவனுடைய மீட்பு, அதற்கான நன்றியறிதல் என்ற மூன்று பகுதிகளில், பத்துக் கட்டளைகளின் விளக்கம் நன்றியறிதலின் கீழ் வருகிறது. நியாயப்பிரமாணம் பாவத்தைக் காட்டுகிறது, தீமையை அடக்குகிறது, விசுவாசிக்கு வழிகாட்டுகிறது என்று மூன்று பயன்களைச் சொன்ன சீர்திருத்தவாதி கால்வின், மூன்றாவதையே முதன்மையானதாகக் கருதினார். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரைப் பின்பற்றும் லூத்தரன் மரபோ, நியாயப்பிரமாணம் நம்மைக் குற்றப்படுத்திக் கிறிஸ்துவிடம் துரத்துவதையே அழுத்திச் சொல்லும். ஆனாலும் அந்த மரபின் 1577ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையும் மூன்றாவது பயனை மறுக்கவில்லை.

கேள்வி: எங்கள் சபையில் ஒருவர் உபவாசம், தசமபாகம், உடை என எல்லாவற்றிலும் மிகவும் கண்டிப்பானவர். அவரைச் சட்டவாதி என்று சொல்லலாமா?

பதில்: கண்டிப்பை வைத்து மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியாது. பவுல் தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு, யூதர்களின் உடன்படிக்கை அடையாளமாகிய விருத்தசேதனம் பண்ணினார். இன்னொரு உடன் ஊழியரான தீத்துவின் விஷயத்தில் அதற்கு இணங்க மறுத்தார். செயல் ஒன்றேதான். தீமோத்தேயுவின் விஷயத்தில் அது அவ்விடங்களிலிருந்த யூதர்களை முன்னிட்டுச் செய்யப்பட்டது. தீத்துவின் விஷயத்திலோ, அது சுவிசேஷத்தோடு சேர்க்கப்படும் நிபந்தனையாகக் கேட்கப்பட்டதால், பவுல் ஒரு நாழிகையும் இணங்கவில்லை.

கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் நடந்ததையும் நிதானமாக வாசியுங்கள். பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து அந்தப் பந்தியை விட்டு விலகுகிறார். மற்ற யூதர்களும் அவரோடு விலக, பர்னபாவும் இழுபட்டுப் போகிறார். உபதேசத்தில் பேதுரு எதையும் மாற்றிச் சொன்னதாக அங்கே எழுதியிருக்கவில்லை; அவர் இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த விலகல், கிறிஸ்துவை விசுவாசித்தது மட்டும் போதாது, இன்னும் ஏதோ குறைகிறது என்று எதிரே இருந்த புறஜாதியாருக்குச் சொல்லிவிட்டது. ஆகவேதான் பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார். உங்கள் சபையிலுள்ளவர் தமது ஒழுங்கைத் தேவனுக்கு முன்பாகத் தமக்கென வைத்துக்கொண்டு, அதைக் கைக்கொள்ளாதவரோடும் மனதார ஐக்கியம் வைத்திருக்கிறாரென்றால், அவரைக் குறை சொல்லாதீர்கள். மற்றவரைச் சகோதரராக ஏற்க அதை ஒரு நிபந்தனையாக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது.

கேள்வி: கிருபையை இவ்வளவு வலியுறுத்தினால் ஜனங்கள் துணிந்து பாவஞ்செய்ய மாட்டார்களா?

பதில்: ரோமர் 6ஆம் அதிகாரம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது, பவுலின் பதில் "கூடாதே" என்பது. கிருபை பாவத்தின் தண்டனையை மட்டும் நீக்கிவிட்டு, பாவத்தின் ஆளுகையை அப்படியே விட்டுவைப்பதில்லை. லூத்தரோடு ஊழியம் செய்த அக்ரிகோலா, விசுவாசிகளுக்குக் கட்டளைகளைப் பிரசங்கிக்கவே வேண்டாம் என்று வாதிட்டபோது, அவரை முன்னின்று எதிர்த்தவர் லூத்தர்தான்.

கேள்வி: விசுவாசத்தினால் மட்டும் என்கிறார் பவுல், விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறார் யாக்கோபு. யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பலாம். இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் ரோமர் 4இல் பவுல் எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 15: ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு எடுத்துக்காட்டும் ஈசாக்கின் பலியோ 22ஆம் அதிகாரத்தில், பல ஆண்டுகளுக்குப் பின் வருகிறது. அந்தப் பழைய வாக்கியம் அப்போது நிறைவேறிற்று என்கிறார் அவர். தேவன் ஒரு பாவியை எதைக்கொண்டு ஏற்றுக்கொள்கிறார் என்பது பவுலின் கேள்வி. வாயளவில் மட்டும் இருக்கும் விசுவாசம் உயிருள்ளதா என்பது யாக்கோபின் கேள்வி.

கேள்வி: ஓய்வுநாளைச் சனிக்கிழமையில் ஆசரிக்காதவர் கட்டளையை மீறுகிறாரா?

பதில்: ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் நான்காம் கட்டளை மாறவில்லை என்று அந்த நாளையே ஆசரிக்கிறார்கள். பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை அதை வாரத்தின் முதல் நாளுக்கு உரியதாக்குகிறது. கொலோசெயர் 2:16ஐக் காட்டி, நாள் ஆசரிப்பு நிழலாயிருந்து கிறிஸ்துவில் நிறைவேறியது என்போரும் உண்டு. என் மனச்சாய்வு மூன்றாவதன் பக்கம். ஆனாலும் சனிக்கிழமையை ஆசரிப்பவரைச் சட்டவாதி என்று ஏசுவதற்கு, நாள்களைக் குறித்து ஒருவரையொருவர் தீர்ப்பிடாதிருக்கச் சொல்லும் ரோமர் 14 எனக்கு இடங்கொடுக்கவில்லை.

கேள்வி: கத்தோலிக்கர்கள் கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று போதிக்கிறார்கள், அல்லவா?

பதில்: அப்படிச் சொல்வது நியாயமல்ல. கிறிஸ்துவின் மூலமான தேவகிருபையின்றி மனிதன் தன் கிரியைகளால் நீதிமானாகலாம் என்பதை 1547இல் கத்தோலிக்க சபையின் திரெந்து பொதுச்சங்கமே சபித்துத் தள்ளியது. கிறிஸ்துவின் நீதி நமக்கு எண்ணப்படுகிறதா அல்லது நமக்குள் ஊற்றப்பட்டு நம்மை நீதிமானாக்குகிறதா, கிருபையால் விளையும் நற்செயல்களுக்குப் பேறுபலன், அதாவது தேவனிடம் வெகுமதி பெறும் தகுதி, உண்டா என்பவையே உண்மையான வேறுபாடுகள். 1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனத்தாரும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, எல்லா வேறுபாடுகளையும் தீர்க்காவிட்டாலும், நம் கிரியைகளால் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இருதரப்பும் ஒன்றாக அறிக்கையிட இடமளித்தது.

கேள்வி: ஜெபிக்கத் தவறும் நாளில் தேவன் என்னைத் தள்ளிவிட்டார் என்ற பயம் வருகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, ரோமர் 8:1 ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று சொல்வது ஜெபிக்கத் தவறாதவர்களுக்கு அல்ல, கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு. நீங்கள் ஜெபித்த நாளிலும் அவர் உங்களை ஏற்றுக்கொண்டது அந்த ஜெபத்தின் நிமித்தம் அல்ல. விட்டுப்போன ஜெபத்தை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்ட முயலாதீர்கள். அந்த முயற்சியே பயத்தை வளர்க்கும். 103ஆம் சங்கீதத்தின் 8 முதல் 14 வரையுள்ள வசனங்களைச் சத்தமாக வாசித்துவிட்டு, வழக்கம்போல ஜெபியுங்கள். அதன் பின்னும் பயம் விடாமல் வருத்தினால், உங்கள் போதகரிடமோ முதிர்ந்த ஒரு விசுவாசியிடமோ மனந்திறந்து பேசுங்கள்.