காவின் எழுதும்போது மகளும் கையெழுத்து வைக்கலாமா?

கிண்ணியாவிலிருந்து ஒரு உம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு நிகாஹ் பேசி முடித்தாயிற்று. பாலம் கடந்து தினமும் திருகோணமலை டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளை. காவின் (திருமணப் பதிவு) எழுதும்போது தானும் கையெழுத்து வைக்க வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும் என்கிறாளாம். “மார்க்கத்தில் இல்லாத புதுப் பழக்கம்” என்கிறார் வாப்பா. மகனோ போனில் யாருடைய பேச்சையோ கேட்டுவிட்டு, பழைய தப்ஸீர்களை, அதாவது குர்ஆன் விளக்க நூல்களை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு குர்ஆனைப் புதிதாக வாசிக்க வேண்டும் என்கிறான். “யார் சொல்வது சரி? மகளுக்கு நான் என்ன சொல்ல?” என்று கேட்கிறார்.

மகளுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் கையெழுத்து வைப்பதற்கு மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) நிகாஹின் ருக்னுகள், அதாவது கட்டாய அம்சங்கள், ஐந்து: மணமகன், மணமகள், வலி (பெண்ணின் பொறுப்பாளர்), இரண்டு சாட்சிகள், ஈஜாப் கபூல் (ஒப்புக்கொடுத்தலும் ஏற்றலும்). இதில் எழுத்து என்பதே இல்லை. அப்படிப் பார்த்தால் வாப்பா வைக்கிற கையெழுத்தும் மார்க்கம் விதித்ததல்ல, பதிவுக்காகப் பின்னால் வந்ததுதான். நம் நாட்டில் அந்தப் பதிவு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி நடக்கிறது. அந்தச் சட்டத்தோடு வந்த படிவம் மணமகனிடமும் வலியிடமும் கையெழுத்துக் கேட்டது, மணமகளிடம் கேட்கவில்லை. அந்த இடத்தை ஒதுக்காமல் விட்டவர்கள் சட்டம் எழுதிய மனிதர்கள். அதை வஹீயின் (இறைவெளிப்பாட்டின்) கணக்கில் எழுதுவது சரியில்லை.

உங்கள் வீட்டுச் சண்டையில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. குர்ஆன் வசனம் ஒன்று. அதை இமாம்கள் விளங்கிக்கொண்ட ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டம், இன்னொன்று. அரசாங்கம் அச்சடித்த படிவம் வேறொன்று. முதலாவது மாறாது. மற்ற இரண்டும் மாறியிருக்கின்றன, இனியும் மாறும். இமாம் ஷாபிஈயே பக்தாதில் சொன்ன பல தீர்ப்புகளை எகிப்துக்குப் போன பிறகு மாற்றினார். பழைய சொல், புதிய சொல் என்று இரண்டையும் மத்ஹப் நூல்கள் இன்றைக்கும் பிரித்தே எழுதுகின்றன. ஹிஜ்ரி 204இல் மறைந்த ஒருவர் தன் சொல்லைத் தானே திருத்திக்கொண்டார் என்றால், மறுவாசிப்பு என்றதும் நாம் ஏன் பதற வேண்டும்?

ஆனால் மகன் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பழையதைத் தூக்கிப் போட்டால் மகள் பக்கத்துக்கு இருக்கிற பலமான ஆதாரங்களும் சேர்ந்து போய்விடும். நிஸா அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தை அவனையே எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். திருமணத்தை அது “மீஸாகன் கலீளா”, அதாவது கனத்த உடன்படிக்கை என்கிறது. நபிமார்களிடம் அல்லாஹ் வாங்கிய உறுதிமொழிக்கும் குர்ஆன் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. இந்த உடன்படிக்கையை வாங்கியது யார் என்று வினைச்சொல்லைப் பாருங்கள்: “அகத்ன”. பெண்பால் பன்மை. கணவர்களிடமிருந்து பெண்கள் வாங்கிய உறுதிமொழி என்கிறது வசனம். ஒரு உடன்படிக்கையை வாங்குகிறவள் அதில் பெயர் எழுதக் கேட்டால் அது எப்படிப் புதுப் பழக்கம் ஆகும்?

அப்புறம் கன்னிப்பெண்ணின் மௌனம். “அவளுடைய மௌனமே சம்மதம்” என்ற ஹதீஸை நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள், அதன் முன்பாதியைச் சொல்வது குறைவு. கன்னிப்பெண்ணிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள் நபியவர்கள். அவள் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா நாயகி கேட்டபோதுதான் மௌனம் போதும் என்ற பதில் வந்தது. வெட்கப்படுகிற பிள்ளைக்குக் கொடுத்த சலுகை அது. வாய் திறந்து பேசுகிற பிள்ளையின் வாயை மூட அதை எடுப்பது தலைகீழ். பந்தலில் ஆண்கள் இருக்க, வலியும் சாட்சிகளும் உள்ளறை வாசலில் நின்று கேட்பார்கள். மணப்பெண் தலையைக் குனிந்தபடி இருப்பாள், பக்கத்தில் இருக்கிற மாமி “ஓம்” என்பாள். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கன்ஸா பின்த் கிதாம்தான் நினைவுக்கு வருவார். தான் விரும்பாத ஒருவருக்கு வாப்பா கட்டிவைத்தார் என்று நபியவர்களிடம் வந்து சொன்ன பெண். அந்த நிகாஹை நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். புகாரியில் இருக்கிறது. பழைய நூல்கள்தான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

மற்ற முஸ்லிம் நாடுகளும் இதே நூல்களை வைத்துக்கொண்டுதான் சட்டத்தைத் திருத்தின. மாலிக்கி மத்ஹபைப் பின்பற்றும் மொரோக்கோ 2004இல் திருமண வயதை 18 ஆக்கியது. வயது வந்த பெண் தானே ஒப்பந்தம் செய்யலாம், விரும்பினால் வாப்பாவிடம் பொறுப்புக் கொடுக்கலாம் என்றும் எழுதியது. ஹனஃபி மத்ஹபில் இதற்கு நெருக்கமான கருத்து ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறது. இங்கேயோ 2009இல் நியமித்த சீர்திருத்தக் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதிலும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். அவ்வளவு காலம் நம் பெண்பிள்ளைகளைக் காக்கவைத்தது எனக்கு இன்றும் மனக்கஷ்டம்.

சரி, மகள் இப்போது என்ன செய்யலாம்? பதிவுப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். தனியாக ஒரு உடன்படிக்கைத் தாள் எழுதி மணமகனும் மணமகளும் கையெழுத்து வைக்கட்டும், சாட்சிகளும் வைக்கட்டும். மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர் எவ்வளவு, கைமேல் கொடுத்தாயிற்றா, பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்குக் கைக்கூலியாக ஏதும் போகிறதா, வீடு யார் பெயரில், வேலை தொடரும் என்பது, எல்லாம் அதில் வரட்டும். கைக்கூலியைக் காதியிடம் (முஸ்லிம் விவாக நீதிபதியிடம்) திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எழுத்தில் இல்லாததை நிரூபிப்பது பெரும்பாடு. ஆகவே அந்தத் தொகையைப் பதிவிலும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். வேலை பற்றிய நிபந்தனை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதில் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு இருக்கிறது. ஹன்பலிகள் இப்படியான நிபந்தனைகளுக்கு நிறைய இடம் கொடுப்பார்கள், நம் மத்ஹபில் குறைவு. நிறைவேற்ற மிகவும் தகுதியான நிபந்தனை திருமணத்தின்போது ஒப்புக்கொண்டதுதான் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது, அதை மாப்பிள்ளைக்கு நினைவூட்டலாம். சட்டப்படி எப்படி நிற்கும் என்பதற்கு ஒரு சட்டத்தரணியிடம் தாளைக் காட்டிவிடுங்கள்.

மௌலவியிடம் போகும்போது “இது மார்க்கத்தில் இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “மணமகள் கையெழுத்து வைத்த தாள் ஒன்று தனியாக இருந்தால் நிகாஹ் பாத்திலாகுமா (செல்லாமல் போகுமா)?” என்று கேளுங்கள். ஆகாது என்றுதான் அவர் சொல்ல வேண்டிவரும். அந்தப் பதிலை வாப்பாவும் கூட இருந்து கேட்கட்டும். தாளை மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். காவின் அன்று பந்தலில் வைத்து முதல் தடவையாக நீட்டினால் யாரும் வாசிக்க மாட்டார்கள், கோபம்தான் வரும்.