"உதை நானே எடுத்துப்போடுவன்": குர்ஸ்கியின் ரைன் படத்துக்கு ஏன் 43 இலட்சம் டொலர்?

கேள்வி: அந்திரேயாஸ் குர்ஸ்கி என்ற ஜேர்மன் புகைப்படக் கலைஞரின் 'ரைன் 2' என்ற படம் 43 இலட்சம் டொலருக்கு விற்றதாம். புல்லும் ஆறும் வானமும் தவிர அதில் ஒன்றுமே இல்லை. அதையும் கணினியில் திருத்தியிருக்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

பதில்:

நீங்கள் அந்தப் படத்தைக் கைபேசியில்தான் பார்த்திருப்பீர்கள். பச்சைக் கோடு, சாம்பல் கோடு, மறுபடியும் பச்சைக் கோடு. அதற்குப் பக்கத்தில் விலையையும் போட்டிருப்பார்கள். யாருக்கும் கோபம் வரும். உங்களோடு சண்டை பிடிக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் "கணினியில் திருத்தியது, ஆகவே ஏமாற்று" என்ற வார்த்தையை நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது எனக்கு வலிக்கிற இடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஜேர்மனியில் எஸ்ஸன் நகரில் இருக்கிறேன். பெரிய அளவுப் புகைப்படங்களை அச்சிட்டு, அக்ரிலிக் கண்ணாடியின் பின்னால் ஒட்டி, சட்டம் போட்டுக் கொடுக்கிற ஒரு வேலைத்தலத்தில் வேலை. வார இறுதிகளில் எங்கள் ஆட்களின் கலியாணவீடு, சாமத்தியவீடுகளுக்குப் படம் எடுக்கப் போவேன். கலை விமர்சகன் இல்லை. குர்ஸ்கியோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, எங்கள் வேலைத்தலத்துக்கு அவருடைய படம் வந்ததும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது வந்து "நீ அவருடைய ஆள்" என்று எழுதக்கூடாது.

விலையைச் சீக்கிரமாக முடித்துவிடுவோம். 2011 நவம்பரில் நியூயோர்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 43 இலட்சம் டொலருக்குப் போனது. ஏலத்தில் ஒரு புகைப்படத்துக்கு அதுவரை கிடைத்த மிகப் பெரிய தொகை அதுதான். 2022இல் மான் ரே என்ற கலைஞரின் ஒரு புகைப்படம் ஒரு கோடியே 24 இலட்சத்துக்கு விற்கும்வரை அந்த இடம் அதற்கே இருந்தது. ஆனால் அந்த 43 இலட்சம் குர்ஸ்கியின் பைக்குப் போனது என்று நினைக்காதீர்கள். முன்பே வாங்கி வைத்திருந்தவர் விற்றார், பணம் அவருக்குப் போனது. பணக்காரர்கள் தங்களுக்குள் என்ன விலை பேசிக்கொள்கிறார்கள் என்பதற்குப் படம் எடுத்தவர் பொறுப்பில்லை. அந்த விலை எனக்கும் அதிகமாகத்தான் தெரிகிறது. அதற்காகப் படத்தை மட்டமாகப் பேசுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2018 தொடக்கத்தில் அக்காவைப் பார்க்க லண்டன் போயிருந்தேன். தேம்ஸ் கரையில் உள்ள ஹேவர்ட் கலைக்கூடம் திருத்த வேலைகளுக்காக இரண்டு வருடம் மூடிக்கிடந்து அப்போதுதான் திறந்திருந்தது. திறந்ததும் முதல் கண்காட்சியே குர்ஸ்கியினுடையது. நான் போகவேண்டும் என்று அடம்பிடித்ததால் அத்தானும் கூட வந்தார். அவருக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது. ஒரு பெரிய பண்டகசாலையில் இரவு வேலை, லீவு நாளில் நித்திரை கொள்வதுதான் அவருக்குச் சந்தோசம். எனக்காகத்தான் வந்தார்.

'ரைன் 2' முன்னால் வந்து நின்றதும் உங்களைப் போலவேதான் சொன்னார்: "தம்பி, உதை நான் என்ரை போனிலையே எடுத்துப்போடுவன்."

நான் ஒன்றும் பேசவில்லை. சனத்துக்கு நடுவில் அத்தானோடு வாதாடுவது மரியாதையும் இல்லை. அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். நான் அந்தப் படத்தடியிலேயே நின்றேன். அகலம் மூன்று மீட்டருக்கு மேல். கிட்டப் போனால் படத்தின் எல்லை கண்ணுக்கு அகப்படாது, புல்லில் ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரியும், தண்ணீரில் காற்று கிழித்த சின்னச் சுருக்கங்கள் தெரியும். தூரத்துக்கு வந்தால் எல்லாம் நேர்கோடாக ஆகிவிடும். என் வேலை அதுதான் என்பதால் நான் இன்னொன்றையும் தேடிப் பார்த்தேன். சிலிக்கோன் போட்டு அக்ரிலிக் கண்ணாடியின் பின்னால் அச்சை ஒட்டும்போது ஒரு தூசி, ஒரு காற்றுக்குமிழி அகப்பட்டாலும் முழு அச்சும் குப்பைக்குத்தான். மூன்று மீட்டரில், அதுவும் வெறும் சாம்பல் வானத்தில், ஒரு புள்ளி விழுந்தால் எங்கும் ஒளிக்க முடியாது. அங்கே ஒரு புள்ளியும் இல்லை. அதைச் செய்த தொழிலாளியின் பெயர் சுவரில் இருக்காது, ஆனால் அந்தக் கையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அத்தானைத் தேடிப் போனேன். அவர் 'அமேசான்' என்ற படத்தின் முன்னால் நின்றார். 2016இல் எடுத்தது, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரில் உள்ள அந்த நிறுவனத்தின் பண்டகசாலை. கிட்டத்தட்ட நான்கு மீட்டர் அகலத்துக்குத் தட்டுத் தட்டாகப் பொருட்கள், ஒரு மனிதர்கூட இல்லை. முன்னால் இருக்கும் பெட்டியும் கடைசித் தட்டில் இருக்கும் பெட்டியும் ஒரே கூர்மையில் தெரிகின்றன. ஒரு தடவை அழுத்தி எடுத்த படத்தில் அப்படி வராது. பல படங்களைச் சேர்த்துத்தான் அப்படி ஆக்க முடியும்.

அத்தான் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "பார் தம்பி, பொம்மைக்குப் பக்கத்திலை புத்தகம். ஆக்கள் பிழையா அடுக்கி வைச்சிருக்கினம் எண்டுதான் பாக்கிறவை நினைப்பினம். அப்பிடி இல்லை. எங்கை இடம் வெறுமையா இருக்கோ அங்கை வைக்கிறது. எது எங்கை எண்டு கொம்பியூட்டருக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது."

அதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களுக்குத் தெரியாது, அது சொல்லுற இடத்துக்கு நடக்கிறதுதான் எங்கடை வேலை என்றார். தூண்களில் "கடுமையாக வேலை செய், மகிழ்ச்சியாக இரு, வரலாறு படை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதித் தொங்கவிட்டிருப்பதைக் காட்டினார். அவர் வேலை செய்கிற இடமும் இதேமாதிரிதான், ஆனால் உள்ளே நிற்கும்போது தனக்குத் தன் முன்னால் இருக்கும் தட்டு மட்டும்தான் தெரியும், இப்படி முழுவதையும் ஒருநாளும் கண்டதில்லை என்றார். அக்கா இரண்டு தடவை தொலைபேசி எடுத்தும் அவர் அசையவில்லை.

குர்ஸ்கி என்ன செய்கிறார் என்பதை அன்று அத்தான் எனக்குச் சொல்லித் தந்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்தில் நிற்கிற ஒருவருக்கும் காணக் கிடைக்காத காட்சியை அவர் கட்டித் தருகிறார். தோக்கியோ பங்குச் சந்தையையும் சிக்காகோ வணிகச் சந்தையையும் எடுத்தார். பாரிஸில் மொன்பர்னாஸ் பகுதியில் ஒரு நீண்ட அடுக்குமாடி இருக்கிறது. எதிரில் எங்கு நின்றாலும் அதை முழுவதும் நேராகப் பார்க்க முடியாது. 1993இல் இரண்டு இடங்களில் நின்று எடுத்து ஒன்றாகச் சேர்த்தார். அதில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வீடு தெரியும், திரைச்சீலை தெரியும். கட்டடம் அப்படித்தான் இருக்கிறது. மனிதக் கண்ணுக்குத்தான் அதைப் பார்க்க இடம் இல்லை.

சரி, ரைன் ஆற்றுப் படத்துக்கு வருகிறேன். அந்த இடம் ஜேர்மனியில் டுசல்டோர்ஃப் நகரின் ஓபர்காசல் பக்கம். அவர் வசிக்கிற ஊர், அவருக்குப் பழகிய ஆற்றங்கரை. அந்தக் காட்சி அவரை நெடுநாள் இழுத்துக்கொண்டே இருந்தது, ஆனால் அது முழுப் படமாக வரவில்லை. ஒன்றரை வருடம் அதை மனதில் சுமந்து திரிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வேறு இடத்தில் நின்று எடுக்கலாமா என்றும் யோசித்திருக்கிறார். கடைசியில் எதிர்க்கரையில் இருந்த தொழிற்சாலைக் கட்டடங்களைக் கணினியில் அழித்துவிட்டார். கரையில் நடந்தவர்களையும் அழித்துவிட்டார். மிஞ்சியது ஆறும் புல்லும் ஒரு நடைபாதையும் முகில் மூடிய வானமும்.

"இல்லாததைச் சேர்த்தால்தானே ஏமாற்று" என்றுகூட நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அவர் சேர்த்தும் இருக்கிறார். லொஸ் ஏஞ்சலஸ் கடையொன்றை எடுத்த '99 சென்ட்' படத்தில் பொருட்களின் நிறம் கூரையில் பிரதிபலிப்பதுபோலச் செய்தது கணினியில்தான். ஆனால் இவை எதையும் அவர் மறைக்கவில்லை. செய்தித்தாளுக்குச் செய்திப்படம் என்று கொடுத்திருந்தால் நானே முதல் ஆளாக ஏசியிருப்பேன். அவர் ஓவியர் செய்கிற வேலையைப் புகைப்படத்தில் செய்கிறார், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்கிறார்.

இப்போது என் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டும். கேள்விக்கு வெளியே போகிறது என்றால் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள். "கணினியில் திருத்தினால் பொய்" என்று எனக்குப் பாடம் எடுக்கிற அதே ஆட்கள்தான் சாமத்தியவீட்டு அல்பம் செய்யும்போது பக்கத்தில் வந்து நின்று, "பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்பார்கள். பிள்ளை அங்கேதான் இருப்பாள், கேட்டுக்கொண்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயது. மூக்கைக் கூராக்கச் சொன்னவர்களும் உண்டு. நான் செய்ய மாட்டேன் என்று சொல்லி வேலை இழந்திருக்கிறேன், மிச்சக் காசு வராமலும் போயிருக்கிறது. அவர்களுக்கு அது பொய்யாகத் தெரியாது, அழகாகத் தெரியும். ஒரு தொழிற்சாலைச் சுவரை ஒருவர் படத்திலிருந்து அழித்துவிட்டதற்கு இவ்வளவு கோபம் வருகிறவர்களுக்கு, ஒரு பிள்ளையின் முகத்தை அவளுக்கு முன்னாலேயே அழிக்கச் சொல்லும்போது ஏன் ஒன்றும் தோன்றுவதில்லை? எனக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. திருத்துவது ஒரு கருவி. எதைத் திருத்துகிறோம், யாருக்காகத் திருத்துகிறோம் என்பதைப் பார்த்துப் பேசுங்கள்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்தால் படம் இன்னும் விளங்கும். 1955இல் லைப்சிக்கில், அன்றைய கிழக்கு ஜேர்மனியில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மேற்குக்கு வந்துவிட்டது. தாத்தாவும் புகைப்படக்காரர், அப்பா விளம்பரப் படம் எடுப்பவர். ஆகவே சின்ன வயதிலேயே தொழில் சுத்தம் கைவந்திருக்கும். முதலில் எங்கள் எஸ்ஸனில் உள்ள ஃபோல்க்வாங் கல்லூரியில் படித்தார். பிறகு 1981 முதல் 1987 வரை டுசல்டோர்ஃப் கலைக் கல்லூரியில் பெர்ன்ட் பெஹரிடம்.

இந்த பெஹரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெர்ன்ட் பெஹரும் மனைவி ஹில்லாவும் தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், எரிவாயுத் தாங்கிகள், இரும்பு உருக்கும் உலைகள் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர்கள். நிழல் விழாத முகில் நாளுக்காகக் காத்திருப்பார்கள். ஒரேமாதிரிக் கோணம், ஒரேமாதிரி வெளிச்சம், பிறகு ஒன்பது, பன்னிரண்டு என்று வரிசையாக அடுக்கி வைப்பார்கள். 1990இல் வெனிஸ் கலைவிழாவில் சிற்பத்துக்கான பரிசையே அந்தப் படங்களுக்குக் கொடுத்தார்கள். நான் வாழ்கிற ரூர் பகுதியில் அவர்கள் எடுத்தவற்றில் பல இன்று இடிக்கப்பட்டுவிட்டன, படத்தில் மட்டும்தான் நிற்கின்றன. தோமஸ் ஸ்ட்ரூத், கண்டிடா ஹோஃபர், தோமஸ் ரூஃப் எல்லாரும் பெஹரின் மாணவர்கள்தான். நிறமும் பெரிய அளவும் இந்த மாணவர்கள் கொண்டுவந்தவை, கணினியில் மற்றவர்களைவிடத் துணிந்து இறங்கியவர் குர்ஸ்கி. ஆனால் 'ரைன் 2' படத்தின் வானத்தைப் பாருங்கள். ஆசிரியருடைய அதே முகில் வானம்.

அத்தானின் கதையை முடிக்கவில்லை. அடுத்த கோடையில் அக்கா குடும்பம் இங்கே வந்தபோது அவரை ஓபர்காசல் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "எடுங்கோ அத்தான்" என்றேன். கேலியாக இல்லை, அவருக்கு நல்ல கண் இருக்கிறது என்று லண்டனிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எடுத்தார். ஒன்றில் சைக்கிள்காரர், ஒன்றில் நாய், எல்லாவற்றிலும் பின்னால் ஏதாவது கட்டடம். அவற்றில் ஒரு படம் உண்மையிலேயே நன்றாக வந்தது, அதை அச்சிட்டுக் கொடுத்தேன், அவர்கள் வீட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறது. 43 இலட்சம் பைத்தியக்காரத்தனம் என்று அவர் இன்றும் சொல்கிறார். சொல்லட்டும்.

உங்களுக்கு என் பதில் இதுதான்: ஏமாற்று இல்லை, விலையைப் படத்தின் தலையில் கட்டாதீர்கள், முதலில் நேரில் பாருங்கள். 'ரைன் 2' மொத்தம் ஆறு பிரதிகள். லண்டன் டேட் கலைக்கூடம், நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம், மியூனிக்கில் உள்ள நவீன கலைக்கூடம் ஆகியவற்றிடம் ஒவ்வொன்று இருக்கிறது. எப்போதும் சுவரில் தொங்காது, அடிக்கடி களஞ்சியத்துக்குள் போய்விடும். ஆகவே போவதற்கு முதல் காட்சியில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். போனால் பத்தடி தள்ளி நின்று ஒரு தடவையும், மூக்கு முட்டாத அளவுக்குக் கிட்டப் போய் ஒரு தடவையும் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அதில் ஒரு குற்றமும் இல்லை.