"வெளிநாட்டில் ஏத்துக்கிறாங்களாமே, நம்ம ஊர்ல முடியுமா?"

கேள்வி: மகனுக்கு 27 வயது, சிங்கப்பூரில் வேலை. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவன், தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை, ஆண்கள் மேல்தான் என்று என்னிடம் மட்டும் சொன்னான். நான்தான் அவன் அப்பாவிடம் சொன்னேன். டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம் என்கிறார். விஷயம் தெரியாத நாத்தனார் அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறார். வெளிநாட்டில் பெற்றோர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்களாமே, நம்ம ஊரில் முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்

பதில்: முடியும், அம்மா. நாற்பது வயதாகியும் பெற்ற தாயிடம் வாய் திறக்க முடியாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். உங்கள் மகன் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறான், பெரிய விஷயம் இது.

வெளிநாட்டிலும் யாரும் சும்மா ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அமெரிக்காவில் 1972இல் ஜீன் மேன்ஃபோர்டு என்ற பள்ளி ஆசிரியை, தன்பால் ஈர்ப்புள்ளவர்களின் உரிமைப் போராட்டத்துக்குப் போய் அடிபட்டு வந்த மகனுக்காகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அந்த ஜூனிலேயே நியூயார்க் ஊர்வலத்தில் கையில் அட்டையோடு அவன் கூடவே நடந்தார், அதைப் பார்த்த பிள்ளைகள் ஓடிவந்து எங்கள் அப்பா அம்மாவிடமும் கொஞ்சம் பேசுங்களேன் என்று கெஞ்சினார்கள். மறு வருஷம் ஒரு தேவாலயத்தில் கூடிய சில பெற்றோரிடமிருந்துதான் அங்கே பெற்றோர் அமைப்பே வளர்ந்தது. தைவானில் 2018 வாக்கெடுப்பில் ஒரே பாலினத்தவர் திருமணத்தைப் பெரும்பான்மை மக்கள் எதிர்த்தார்கள், அப்புறம்தான் 2019இல் அதை அனுமதிக்கும் சட்டம் வந்தது. உங்கள் மகன் இருக்கும் சிங்கப்பூர் நாடாளுமன்றம், ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய பிரிவை நீக்கியது 2022இல். நம் உச்ச நீதிமன்றம் 2018லேயே அதைக் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. நம் நாட்டில் அவர்களுக்குத் திருமண உரிமை இன்னும் இல்லை, அது வேறு வருத்தம்.

நம்ம மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் எதிர்த்ததால் இங்கிருந்து சென்னைக்குப் போன, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பெண்களின் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். 2021 ஜூனில் அவர் தந்த உத்தரவு, மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் சிகிச்சையைத் தடை செய்தது. மறு வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே உங்கள் கணவர் தேடுகிற டாக்டர், சட்டப்படியே இல்லை. இது நோயும் இல்லை, உலக சுகாதார அமைப்பு 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அவர் மனசு கொதிக்கிறது என்றால் மனநல ஆலோசகரிடம் அவரே போய்ப் பேசட்டும், தப்பில்லை. மும்பையில் 2017இல் தொடங்கிய 'ஸ்வீகார்' இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்துவது. அவர்களும் உங்களைப் போல அழுதவர்கள்தான்.

அந்தக் கல்யாணப் பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வரப்போகிற பெண்ணும் ஒருத்தி பெற்ற பிள்ளை, அவள் வாழ்க்கையை வைத்து உங்கள் வீட்டுக் கவலையைத் தீர்க்கப் பார்ப்பது பாவம் அம்மா. பெண் வீட்டுக்கு இன்றைக்கே போன் போட்டு, பையனுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் வேண்டாம். நாத்தனாரிடமும் அவ்வளவு போதும். மற்றதை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.