கடல் அல்லியின் கிண்ணத்தை எங்கிருந்து எண்ணுவது?

கேள்வி: கடல் அல்லிகளின் புதைபடிவங்கள் படங்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகின்றன. எலும்புக்கூட்டின் தகடுகளைக் கொண்டு அவற்றை வகைபிரிப்பதாகப் படித்தேன். எந்தத் தகடுகளை, எந்த முறையில் பார்க்கிறார்கள்? தண்டின் வில்லைகள் மட்டும் கிடைத்தால் போதாதா?

பதில்: கடல் அல்லி பெயரில்தான் பூ; உண்மையில் அது நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலி விலங்கு. அதன் உடல் கால்சைட் தகடுகளால் ஆனது. தண்டு, அதன் மேல் உடலைத் தாங்கும் கிண்ணம், கைகள் என்ற மூன்று பகுதிகளில் வகைப்பாட்டுக்குப் பெரிதும் உதவுவது கிண்ணமே.

எண்ணிக்கையைத் தண்டின் பக்கத்திலிருந்து தொடங்காமல், கைகளிலிருந்து கீழ்நோக்கி வருவதே பாதுகாப்பானது. ஒவ்வொரு கையின் நேர்க்கீழே, கிண்ணத்தில் அதைத் தாங்கி நிற்கும் தகடு ஆரத்தகடு. பொதுவாக இவை ஐந்து. ஆரத்தகடுகளின் இணைப்புகளுக்கு நேர்க்கீழே, செங்கல் கட்டில் ஒரு வரி மற்றொன்றின் மேல் மாறி அமைவதுபோல, அடித்தகடுகளின் வட்டம் வரும். அதோடு தண்டு தொடங்கிவிட்டால் அது ஒற்றை வட்ட அடி; அதற்கும் கீழே இன்னொரு வட்டம் இருந்தால் இரட்டை வட்ட அடி. அடித்தகடுகள் எப்போதும் ஐந்தாக இருப்பதில்லை: ஒற்றை வட்ட அடி கொண்ட பிளாட்டிகிரினைட்டஸ் பேரினத்தில் அவை மூன்றே.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கைகள் எங்கே விடுதலை பெறுகின்றன என்பது. கைகளின் கீழ்ப்பகுதித் தகடுகளும், அவற்றுக்கு இடையில் உள்ள தகடுகளும் கிண்ணச் சுவரோடு இறுகச் சேர்ந்து, வாயின் மேலும் தகட்டுக் கூரை மூடியிருந்தால் அது கேமரேட் பிரிவைச் சேர்ந்தது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவோடு இப்பிரிவு முற்றிலும் அழிந்தது. மாறாக, ஆரத்தகட்டுக்கு மேலேயே கைகள் தனித்து நின்றால் வேறு பிரிவுகளில் தேட வேண்டும். அங்கே குதப்பக்கத்தில், அதாவது கிண்ணத்தில் கழிவுத்துளை அமைந்த பக்கத்தில், ஐந்தன் சமச்சீரைக் குலைத்துக்கொண்டு நிற்கும் கூடுதல் தகடுகளின் எண்ணிக்கையும் இடமும் பேரினங்களைப் பிரித்தறிய மிகவும் பயன்படுகின்றன. அதனால், படிவத்தைக் கையில் எடுத்ததும் குதப்பக்கம் எது என்று கண்டுகொள்வது நல்ல பழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் அறிஞர் பாதர் இந்த வகுப்பு முழுவதையுமே ஒற்றை, இரட்டை வட்ட அடிகளைக் கொண்டு இரண்டாகப் பிரித்தார். எனக்கு அது எளிமைக்குக் கொடுத்த விலை என்றே தோன்றுகிறது. கேமரேட் பிரிவுக்குள்ளேயே இரு அமைப்புகளும் உள்ளன. ஜெர்மனியில் பெர்மியனுக்கு அடுத்த டிரையாசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் என்கிரைனஸ் பேரினத்தில், அடித்தகடுகளுக்கும் கீழே உள்ள வட்டத்தின் தகடுகள் மிகச் சிறியனவாய்த் தண்டின் நுனிக்குள் மறைந்திருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒற்றை வட்ட அடியாகவே தெரியும்.

தண்டு வில்லைகளைப் பொறுத்தவரை, வட்டமான வில்லையை மட்டும் வைத்துப் பேரினம் சொல்வது பெரும்பாலும் ஊகமே. பிளாட்டிகிரினைட்டஸின் நீள்வட்ட வில்லைகள் ஒரு விலக்கு. கிண்ணம் கிடைக்காவிட்டாலும் அந்தக் குடும்பத்தை அவை காட்டிக்கொடுத்துவிடும்.