வினை அட்டவணையும் பண்பாட்டுப் பக்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் முதலாண்டு விருப்பப்பாடமாக ஸ்பானிஷ் எடுத்திருக்கிறேன். எங்கள் பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பண்பாடு பற்றி ஒரு பக்கம் வருகிறது. தேர்வில் அதிலிருந்து கேள்வி வருவதில்லை என்பதால் பலரும் அதைப் படிப்பதில்லை. வினைச்சொற்களை மனப்பாடம் செய்யவே நேரம் போதவில்லை. அதிலும் நண்பர்கள் பலரை முன்னிலையில் அழைக்கும் ‘போசோத்ரோஸ்’ என்ற சொல்லுக்குரிய வினை வரிசையை விட்டுவிடலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். இலக்கணத்தை முடித்துவிட்டுப் பண்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? எந்த நாட்டு ஸ்பானிஷைக் கற்பது நல்லது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாதபடி அந்தப் பண்பாடு உங்கள் வினை அட்டவணைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பேசுதலைக் குறிக்கும் ‘ஆப்லார்’ என்ற வினையையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவரிடம் ஸ்பானிஷ் பேசத் தெரியுமா என்று கேட்பதற்கு முன், அவர் உங்கள் தோழியா, முன்பின் அறியாத முதியவரா என்று நீங்கள் தீர்மானித்தாக வேண்டும். தோழியென்றால் ‘தூ’ என்ற சொல்லுக்குரிய ‘ஆப்லாஸ்’. முதியவரென்றால் ‘உஸ்தெத்’ என்ற சொல்லுக்குரிய ‘ஆப்லா’. முன்னிலையில் இருப்பவரைக் குறிக்கும் உஸ்தெத் ஏன் படர்க்கை வினையை ஏற்கிறது என்று மாணவர்கள் திகைப்பதுண்டு. மேன்மக்களை நேராக விளிப்பது மரியாதைக் குறைவு என்று கருதிய காலத்தில், ‘தங்கள் அருள்’ என்ற பொருளில் ‘புவெஸ்த்ரா மெர்செத்’ என்று அழைத்தார்கள். அருள் என்பது படர்க்கைதானே! அந்தத் தொடர் தேய்ந்து உஸ்தெத் ஆன பின்பும் படர்க்கை வினை அப்படியே நின்றுவிட்டது.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு இது எளிது என்று தோன்றும். பாதி எளிதுதான். ஸ்பெயினில் இன்று மாணவர்கள் பேராசிரியரைத் தயக்கமின்றித் தூ என்று அழைப்பது சாதாரணம். கொலம்பியாவின் மலைப்பகுதிகளிலோ நெருங்கிய உறவினர்கள்கூட அன்போடு ஒருவரையொருவர் உஸ்தெத் என்று அழைக்கிறார்கள். ஆகவே நம் மரியாதைக் கணக்கை அப்படியே அங்கே பொருத்தினால் தவறாகிவிடும். எந்த இடத்தில் எது வழக்கம் என்பதை, நீங்கள் விட்டுவிடும் அந்தப் பக்கம்தான் சொல்லும்.

போசோத்ரோஸ் வரிசையை உங்கள் பேராசிரியர் விடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நண்பர்கள் பலரைச் சேர்த்து அழைக்க அந்தச் சொல் வேண்டும். லத்தீன் அமெரிக்காவிலோ நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் ‘உஸ்தேதெஸ்’ ஒன்றே போதும். அவர் லத்தீன் அமெரிக்க வழக்கைக் கற்பிக்கிறார் என்று இதிலிருந்து ஊகிக்கிறேன். நீங்கள் அந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் கண்டால் அடையாளம் தெரிய வேண்டும். அர்ஜென்டினாவில் தூ என்பதற்குப் பதிலாக ‘போஸ்’ வழங்குகிறது. உங்கள் நூலில் ‘தூ தியேனெஸ்’ என்று இருப்பது அங்கே ‘போஸ் தெனேஸ்’ ஆகும். பல பாடநூல்கள் இதற்கு அட்டவணையில் இடமே தருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

எந்த நாட்டு ஸ்பானிஷ் என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. உங்கள் ஆசிரியர் பேசுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். 20 நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள அம்மொழியில் ஒரு வழக்கு உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கிடையாது. 1713இல் மாத்ரித் நகரில் தோன்றிய மொழிக்கழகமே இன்று பிற நாட்டுக் கழகங்களோடு சேர்ந்துதான் அகராதியை வெளியிடுகிறது.

உங்கள் பக்கங்களுள் ஒன்று குடும்பப் பெயர்களைப் பற்றியதாக இருக்கக்கூடும். தந்தையின் குடும்பப் பெயரும் தாயின் குடும்பப் பெயரும் அடுத்தடுத்து வருவது அங்கே வழக்கம். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் என்ற எழுத்தாளரின் பெயரில் கார்சியா தந்தை வழி வந்தது, மார்க்கேஸ் தாய் வழி வந்தது. இது தெரியாதவர் நூலகப் பட்டியலில் மார்க்கேஸ் என்ற பெயரின் கீழ் தேடி ஏமாறுவார்.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாய்விட்டுப் படியுங்கள். ‘ஆப்லோ’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’. இறுதி அசையை அழுத்தினால் ‘அவர் பேசினார்’. எழுத்தின் மேல் இடும் சிறு கோடு ஒன்றுதான் எழுத்தில் இவ்விரண்டையும் பிரிக்கிறது. அழுத்தத்தால் பொருள் மாறுவது தமிழில் இல்லை என்பதால் நம் காது இதைத் தவறவிடும். ஏட்டில் நூறுமுறை எழுதினாலும் இது பிடிபடாது. உயிரொலிகள் ஐந்தே என்பதும், குறில் நெடில் வேறுபாடு இல்லை என்பதும் உங்களுக்கு ஆறுதல்.

அடுத்த வினையைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிசையின் அருகிலும் அதை யார், யாரிடம், எந்த நாட்டில் சொல்வார்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்த வரிக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் அதே பாடத்தின் கடைசிப் பக்கத்தில் கிடைக்கும்.