பிள்ளைக்குத் தனிக் கணக்கு: வீட்டுக் கொம்பியூட்டர் பற்றிக் கொழும்புப் பெற்றோரின் கேள்விகள்

விண்டோஸ் லப்டொப், வீட்டு வைஃபை, ஐந்து முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகள். இதற்குள் கேளுங்கள். ஐபோன், ஐபேட் என் துறை இல்லை.

வெள்ளவத்தை: சேர், மகனுக்கு 7 வயது. அப்பாவின்ர லப்டொப்பிலதான் விளையாடுறான். அரை மணித்தியாலம் எண்டு சொல்லிக் குடுத்தா இரண்டு மணித்தியாலம் போகுது. என்ன செய்யலாம்?

அப்பாவின் கணக்கில் பிள்ளை இருக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது. முதல் வேலை, பிள்ளைக்குத் தனிக் கணக்கு. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் ஃபேமிலி. அங்கே பிள்ளையைச் சேர்த்து, உண்மையான பிறந்த திகதியைக் கொடுங்கள். கணக்கு ‘ஸ்டாண்டர்ட்’ வகையாக இருக்க வேண்டும், எல்லா அமைப்பையும் மாற்ற விடும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ (அட்மின்) ஆகக் கூடாது. இதை இன்று பலதரம் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் போனில் மைக்ரோசொஃப்ட் ஃபேமிலி சேஃப்டி என்ற அப். அதில் நேரத்துக்கு இரண்டு அமைப்புகள் உண்டு: ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. பலரும் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு விடுகிறார்கள். அப்போது பிள்ளை விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ஸ்கூலுக்குப் போக முதலே அன்றைய பங்கை முடித்துவிடும். இரண்டையும் போடுங்கள்: கிழமை நாட்களில் 45 நிமிடம், பின்னேரம் 4 முதல் 6.30 வரைக்குள்.

இன்னொன்று. இணையத்தள வடிகட்டியைப் போட்டதும் குரோம் திறக்காது. லப்டொப் பழுதில்லை. அந்த வடிகட்டி எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் மற்றவற்றை அதுவே மூடுகிறது. ‘குரோம் உடைஞ்சு போச்சு’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

வீட்டில் இணையம் நிலையாக இல்லையென்றால், விண்டோஸின் கமாண்ட் ப்ரொம்ப்ட்டில் ‘நெட் யூசர்’ கட்டளையோடு ‘டைம்ஸ்’ சேர்த்து லோக்கல் கணக்குக்கு (அந்த லப்டொப்பில் மட்டும் இருக்கும் கணக்கு) நேரம் குறிக்கலாம். முழு மணிகளாக மட்டுமே ஏற்கும், நாலரை ஐந்தரை சரிவராது. குறித்த நேரத்துக்கு வெளியே உள்ளே விடாதே தவிர, ஏற்கெனவே உள்ளே இருப்பவரைத் தானாக வெளியேற்றாது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் வேண்டும்: கதிரையை விட்டு எழும்பினால் விண்டோஸ் விசையோடு ‘எல்’. திரை பூட்டப்படும். உள்ளே போகும் பின் (PIN) நாலு இலக்கமாக இருந்தால் ஆறாக்குங்கள். நாலு இலக்கத்தைத் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டு தரம் பார்த்தால் ஏழு வயதுக்குப் பாடமாகிவிடும்.

தெஹிவளை: ரவுட்டரிலேயே கூடாத தளங்களை மறிக்கலாமோ?

மறிக்கலாம். ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். முகவரி 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல இருக்கும், பக்கத்திலேயே பாஸ்வேர்டும் இருக்கும். உங்களுக்கு வாசிக்க முடிந்தது பிள்ளைக்கும் முடியும். ஆகவே உள்ளே போனதும் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு டிஎச்சிபி பகுதியில் (கருவிகளுக்கு இணைய அமைப்பைக் கொடுக்கும் இடம்) டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை, இரண்டையும் 1.1.1.3, 1.0.0.3 என்று போடுங்கள். கிளவுட்ஃபிளேர் 2020இல் குடும்பங்களுக்கென்று இலவசமாகத் திறந்தது அது. ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் மறிக்கும். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) ஓடும் வீடாக இருந்தால் அதற்குரிய முகவரிகளையும் போட வேண்டும், இல்லாவிட்டால் பாதி அந்த வழியால் போய்விடும். மாற்றிய பின் எல்லாக் கருவிகளையும் ஒருதரம் அணைத்துப் போடுங்கள்.

சில கம்பனி ரவுட்டர்களில் டிஎன்எஸ் பகுதி பூட்டியிருக்கும். அப்படியானால் லப்டொப்பின் நெட்வேர்க் அமைப்பிலேயே போடுங்கள். ஸ்டாண்டர்ட் கணக்கிலிருந்து அதை மாற்ற முடியாது; அட்மின் கணக்கென்றால் ஒரு நிமிட வேலை.

இது எதைப் பிடிக்காது? அக்காவின் போன் ஹொட்ஸ்பொட்டை. பிரவுசரில் சேர்க்கும், வேறு வழியால் இணையத்துக்குப் போக விடும் விபிஎன் எக்ஸ்டென்ஷனை. யூடியூபுக்குள் இருக்கும் ஒரு தனி வீடியோவை. டிஎன்எஸ் வாசல் காவலாளி மாதிரி: எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்கும், எந்த அறை என்று கேட்காது.

மருதானை: ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் குடுக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஐந்துக்கு மேல் அவர்கள் கணக்குச் சொல்லவில்லை, குறையுங்கள் என்று மட்டும்தான்.

கொட்டாஞ்சேனை: எந்த சொஃப்ட்வெயார் நல்லது? இலவசமா வேணும்.

வெள்ளவத்தைப் பதில்.

வத்தளை: மகள் தரம் 3. சாப்பாட்டு மேசையில வைச்சுத்தான் பாவிக்கிறா. கழுத்து நோகுது எண்டு சொல்லுறா.

சாப்பாட்டு மேசை பெரியவர் உயரத்துக்கு, ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர். எட்டு வயதுப் பிள்ளை அதில் இருந்தால் தோள் காதுவரை ஏறும், கால் அந்தரத்தில் தொங்கும். கதிரையில் கெட்டியான குஷன் வைத்து, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். பிறகு காலுக்குக் கீழே ஒரு பெட்டி. பாதம் முழுதாகப் படிய வேண்டும். குஷனை மட்டும் போட்டுப் பெட்டியை மறந்தால், பிள்ளை முன்னுக்குச் சறுக்கி முதுகை வளைக்கும். லப்டொப்பை நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்படி ஏற்றினால் அதன் விசைப்பலகை எட்டாது. தனி கீபோர்டும் சின்ன மவுஸும் தேவை, அதுவும் மலிவான சாமான்தான். திரைக்கும் முகத்துக்கும் இடையில் 50 முதல் 70 சென்ரிமீற்றர். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் என்றால் திரையில் ஒளி தெறிக்கும்.

மட்டக்குளி: மகன் திரையைப் பாத்தா விடாமல் கண் சிமிட்டுறான். என்ன செட்டிங் மாத்த?

செட்டிங் இல்லை. கண் டொக்டரிடம் காட்டுங்கள். வோர்ட் பிளேஸ் பக்கம் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது.

தெமட்டகொட: அஸ்ஸலாமு அலைக்கும் நானா. எண்ட மகனுக்கு 10 வயசு, ரொப்லொக்ஸ் விளையாடுறார். தெரியாத ஆக்கள் மெசேஜ் பண்றாங்க.

வஅலைக்கும் ஸலாம். பிறந்த திகதியைச் சரிபாருங்கள். பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போட்டுத்தான் சேருவார்கள். அப்போது சிறுவருக்கான கட்டுப்பாடு ஒன்றும் வேலை செய்யாது. உங்கள் கணக்கைப் பெற்றோராக இணைத்து, அரட்டையை மூடுங்கள். பாங்க் கார்டை அதில் சேமிக்க வேண்டாம். யாராவது படம் கேட்டாலோ வேறு அப்புக்கு வரச் சொன்னாலோ அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. மகனை ஏச வேண்டாம், ஏசினால் அடுத்த மெசேஜ் உங்களிடம் வராது.

பம்பலப்பிட்டி: மகளுக்குத் தெரியாமல் என்ன தட்டுறா எண்டு பதியிற சொஃப்ட்வெயார் ஒண்டு இருக்காம். போடட்டோ?

வேண்டாம். இலவசமாகக் கிடைப்பவை அநேகமாக ‘முதலில் டிஃபெண்டரை (விண்டோஸின் வைரஸ் தடுப்பு) அணையுங்கள்’ என்று சொல்லும். அணைத்த பின் உள்ளே வருவது யாருடைய சொஃப்ட்வெயார் என்று உங்களுக்குத் தெரியாது. அது மகள் தட்டுவதை மட்டும் பதியாது. இரவில் நீங்கள் தட்டும் பாங்க் பாஸ்வேர்டையும் பதியும்.

பம்பலப்பிட்டி: காசு குடுத்து நல்லதை வாங்கினா? பிள்ளைக்கு என்ன ரகசியம் சேர், வீடு எங்கட வீடு.

வீடு உங்களுடையதுதான். ஃபேமிலி சேஃப்டியின் வாராந்த அறிக்கை எந்தத் தளம், எவ்வளவு நேரம் என்று சொல்கிறது, மகளுக்கும் தெரியும். ஒளித்து வைத்ததை ஒன்பது வயதுப் பிள்ளை ஒருநாள் கண்டுபிடிக்கும். என்னென்ன சொஃப்ட்வெயார் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறக்கத் தெரிந்தால் போதும்.

வத்தளை: நானும் குறுக்கிடுறன். தெரியும் எண்டா பிள்ளை வேற வழி தேடாதோ? ஒளிச்சுப் பாத்தாத்தான் உண்மை தெரியும்.

வேறு வழி என்பது பெரும்பாலும் உங்கள் போன். அதில் எந்தப் பதிவும் இருக்காது.

தெமட்டகொட: பம்பலப்பிட்டி அண்ணா, நீங்க ஒளிச்சுப் பாத்ததுல பிழை ஒண்டு கண்டா அத மகள்ட எப்பிடிக் கேப்பீங்க? கேட்டாலே மாட்டிக்குவீங்களே!

பம்பலப்பிட்டி: அதுவும் சரிதான். ஆனா உண்மையா ஆபத்து எண்டு சந்தேகம் வந்தா?

சந்தேகம் வந்தால் அன்றைக்கே பக்கத்தில் இருத்தி, இருவரும் சேர்ந்து மெசேஜ்களைத் திறந்து பாருங்கள். அதற்கு ஒரு சொஃப்ட்வெயாரும் தேவையில்லை. இது பற்றி இன்னும் ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

கிருலப்பனை: எத்தனை மணித்தியாலம் குடுக்கலாம் சேர்?

மருதானை.

புறக்கோட்டை: நேரம் முடிஞ்சா நான் நேரே பிளக்கைக் கழட்டுவன். பிழையோ?

டெஸ்க்டொப் என்றால் பிழை. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் நிற்கும், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்கும் கேடு. மொனிட்டரை அணையுங்கள், பிள்ளைக்கு அதே விளைவுதான்.

வெள்ளவத்தை, வேறொருவர்: மகன் என்ர லப்டொப் பாஸ்வேர்டையே மாத்திப்போட்டான். இப்ப எனக்கே உள்ள போகேலாது. அவன்ர கணக்கும் அட்மின்தான்.

முன்னமே சொன்னேன். சரி, மைக்ரோசொஃப்ட் கணக்காக இருந்தால் போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, லப்டொப்பை இணையத்தோடு இணைத்துப் புதியதைப் போடுங்கள். லோக்கல் கணக்கென்றால் பிழையான பாஸ்வேர்டை ஒருதரம் போட்டதும், முன்பு நீங்கள் வைத்த பாதுகாப்புக் கேள்விகள் வரும். அவையும் மறந்து முழுதாக ரீசெட் பண்ணுவதாக இருந்தால், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கரின் 48 இலக்கத் திறப்பு கேட்கப்படலாம், அதை முதலே எடுத்து வையுங்கள். ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன் மகனிடம் கேட்டுப் பாருங்கள். சொன்னால் ஐந்து நிமிட வேலை; உள்ளே போனதும் அவனுடைய கணக்கை ஸ்டாண்டர்ட் ஆக்கிவிட்டுப் பிறகு தேத்தண்ணி குடிக்கலாம்.